கொழும்பில் நைட் கிளப்பா? முதலில் கலண்டரைப் பாருங்கள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கமிருந்து கொழும்புக்குப் போய் ஒரு இரவு பார், நைட் கிளப் என்று சுற்றத் திட்டமா? டிக்கெட் போட முதல் கலண்டரைப் பாருங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் நாடு முழுக்க மதுவிற்பனை இல்லை. கொத்து ரொட்டியோடு திரும்ப வேண்டியதுதான். 21 வயதுக்குக் கீழே என்றால் சட்டப்படி மது விற்கமாட்டார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். செருப்பு, அரைக் காற்சட்டையைக் கண்டால் பல இடங்களில் வாசலிலேயே மறிப்பார்கள்.

நம்ம பெடியள் முழிப்பது பில் வரும்போதுதான். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள்: 10 வீத சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீத வற் வரி. 5,000 ரூபாய்க்குச் சாப்பிட்டுக் குடித்தால் பில் 6,490. குடித்தவர் ஸ்டியரிங்கைத் தொடவேண்டாம், ஏ9 வீதியில் விடிய விடிய ஓடிவரும் யோசனையும் வேண்டாம். பிக்மீ ஆப்பில் ஓட்டோ பிடித்து லொட்ஜுக்குப் போய்ப் படுங்கள்.