எதிராளியும் யோசிப்பான்: பாதுகாப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினிப் பாதுகாப்பை ஆட்டக் கோட்பாட்டாலும் (எதிரெதிராக நிற்பவர்கள் ஒருவரையொருவர் கணித்து எடுக்கும் முடிவுகளின் கணிதம்) அளவையியலாலும் (தர்க்கம்) ஆராயலாம் என்று இறுதியாண்டுத் திட்டம் எழுதும் கொழும்புப் பிள்ளைகளுக்காக இது. தலைப்பு நல்லது. சறுக்கும் இடங்கள்தான் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன.

பெரிய சறுக்கல், தாக்குபவரை மழை மாதிரிக் கணக்கிடுவது. போன வருடப் பதிவுகளை எடுத்து, எங்கே அதிகம் விழுந்ததோ அங்கே காவலைப் போடுகிறார்கள். நாம் குடை பிடிப்பதைப் பார்த்து மழை திசை மாறுவதில்லை. தாக்குபவர் மாறுவார்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன நிறுவனம் என்று வையுங்கள். சம்பள விவரம் உள்ள சேர்வர் உடைந்தால் 90 இலட்சம் நட்டம், விற்பனைத் தளம் உடைந்தால் 30 இலட்சம். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் சோதிக்க முடியும். சோதிக்கும் நாளில் வந்தவர் பிடிபடுவார். எப்போதும் சம்பள சேர்வரையே காத்தால் அவர் தளத்துக்குப் போவார், நட்டம் 30. சரி, நாணயம் சுண்டிப் பார்ப்போம் என்றால் சம்பளத்துக்கே வருவார். சராசரி நட்டம் 45. சுண்டாமலே இருந்திருக்கலாம்! நான்கில் மூன்று பங்கு நாட்கள் சம்பளத்துக்கு, ஒரு பங்கு தளத்துக்கு, எந்த நாள் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதபடி வைத்தால், எந்தப் பக்கம் வந்தாலும் 22.5தான். எழுமாறு என்பதற்குச் சரிபாதி என்று அர்த்தமில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் 2007 முதல் சோதனைச் சாவடிகளையும் மோப்ப நாய்களையும் எங்கே, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்த ‘ஆர்மர்’ மென்பொருள் இந்த வகைக் கணக்கைத்தான் போட்டது.

அந்த 90உம் 30உம் எங்கிருந்து வந்தன என்று பரீட்சகர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். 30ஐ 60 ஆக்கினால் பங்கு முக்காலிலிருந்து 60 சதவீதத்துக்கு இறங்குகிறது, நட்டம் 36 ஆகிறது. இப்படி எண்ணை அசைத்துப் பார்த்ததையும் அறிக்கையில் போடுங்கள்.

அளவையியல் பக்கம் வேறு பொறி. வாதம் ஒழுங்காக அமைந்துவிட்டால் முடிவு உண்மை என்று நம்பிவிடுகிறோம். எடுகூற்றை, அதாவது வாதம் எதை உண்மையென்று வைத்துத் தொடங்கியதோ அதை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1978இல் வந்த நீதாம்–ஷ்ரோடர் பொதுச்சாவி நெறிமுறை (வலையமைப்பில் இருவர் பூட்டிய செய்திகளைப் பரிமாறி, தாங்கள் யாரென்று ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்தும் முறை), பிறகு இத்தகைய நெறிமுறைகளைச் சோதிக்கும் ‘பான்’ தர்க்கத்தால் ஆராயப்பட்டும் தேறியது. 1995இல் காவின் லோ அதில் ஓட்டையைக் காட்டினார். மறைகுறியை யாரும் உடைக்கவில்லை. வலையமைப்பில் முறைப்படி பதிவான ஒருவரே கள்ளனாக இருக்கலாம் என்பதை அந்த ஆய்வு கணக்கில் எடுத்திருக்கவில்லை. அந்தக் கள்ளன், தன்னோடு பேசத் தொடங்கியவரின் செய்தியைத் திறந்து, இன்னொருவரின் பொதுச்சாவியால் மீண்டும் பூட்டி அவருக்குத் தள்ளி, பேசத் தொடங்கியவரே தான் என்று அவரை நம்பவைத்தால் போதும். திருத்தமும் சின்னதுதான்: இரண்டாவது செய்தியில் அனுப்புபவரின் பெயரைச் சேர்ப்பது. ஆகவே ‘நிறுவப்பட்டது’ என்று எழுதுமுன், எதிராளியால் என்னென்ன முடியும் என்று நீங்கள் வைத்த பட்டியலை முதல் பக்கத்திலேயே போடுங்கள். டாமரின், ப்ரோவெரிஃப் இரண்டுமே நெறிமுறைகளில் ஓட்டை தேடும் இலவசக் கருவிகள். ஆனால் சொல்லிக்கொடுத்த எதிராளியைத்தான் அவையும் தேடும்.

அப்புறம், ஆய்வுக்குத் தகவல் தந்தவர்களின் தனியுரிமை. “பெயரை நீக்கிவிட்டோம், அடையாள அட்டை இலக்கத்தை ஹாஷ் செய்துவிட்டோம்” என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஹாஷ் என்றால் ஓர் எண்ணைத் திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றுவது; ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குறியீடுதான் வரும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வாசலில் காவலாளி கொப்பியில் பதிகிற அதே இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதோடு 500 கூடும். 1992602 என்று தொடங்கினால், 1992 ஏப்ரல் 11இல் பிறந்த பெண். மிச்சம் ஐந்து இலக்கம், அதாவது அதிகபட்சம் ஒரு இலட்சம் சாத்தியங்கள். முகநூலில் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தவர் ஹாஷை உடைக்க வேண்டியதே இல்லை; ஒரு இலட்சத்தையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டால் சரி, சாதாரண மடிக்கணினிக்குக் கண் இமைக்கும் வேலை. எதுவும் தெரியாவிட்டாலும், நூறு ஆண்டுப் பிறப்புகளுக்கு ஏறக்குறைய 732 கோடி. ஷா-256 போன்ற வேகமான ஹாஷ் என்றால், கேம் விளையாடும் கணினிக்கு நொடிக் கணக்குத்தான்.

இலக்கமே வேண்டாம், ஆளுக்கொரு எழுமாற்று எண் கொடுத்து, ஆளையும் எண்ணையும் இணைக்கும் அட்டவணையை வேறிடத்தில் பூட்டி வையுங்கள், ஆய்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள். பிறந்த திகதிக்குப் பதில் ஆண்டு போதுமா என்றும் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் போதும்.