அபார்ட்மெண்ட் முழுக்க வைஃபை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக, அசோசியேஷன் கூட்டம் என்றாலே ‘வீட்டுக்கு வீடு தனி நெட் எதற்கு, கட்டடத்துக்கே ஒன்றாகப் போட்டுவிடலாம்’ என்ற பேச்சு வந்துவிடுகிறது. நல்ல யோசனைதான். எங்கள் நாலு மாடிக் கட்டடத்திலும் போட்டோம், ஆனால் முதல் முறை செலவழித்ததில் பாதிப் பணம் வீணாகப் போனது. உங்களுக்கும் அப்படி ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி மொட்டை மாடி லிஃப்ட் ரூமில் மாட்டியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. டேங்க் மேலே இருந்தால் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் இறங்குகிறதே, சிக்னலும் அப்படி இறங்கும் என்று நினைத்துவிட்டோம். இறங்காது. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அலையைப் பரப்பும், நேர் கீழே மிகக் குறைவு, அதற்கும் நடுவில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் வேறு. நாலாம் மாடியில் ஓரளவு கிடைத்தது, முதல் மாடி அக்காவின் மகனுக்கு ஆன்லைன் வகுப்பு ஒரு நாள்கூட ஒழுங்காக ஓடவில்லை.

சரி, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டியை மாடிக்கு ஒன்று வைக்கலாம் என்பார்கள். வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மாடி தாண்டுகிற வேலையை வயரிடம் கொடுங்கள். கீழே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (நெட்டைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கேட் 6 என்ற நெட் கேபிள், வீட்டு ஹாலில் வைஃபை கொடுக்கச் சின்னதாக ஒரு பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயிண்ட், அவ்வளவுதான். 100 மீட்டருக்கு மேல் அந்தக் கேபிளை இழுக்கக் கூடாது, நாலு மாடிக்கு அது தாராளம். ஆனால் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் ஆக்சஸ் பாயிண்டுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதிலேயே அனுப்பினால் சூடாகும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள், எலக்ட்ரீஷியன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

அப்புறம் சிக்னல் பவர். எல்லா ஆக்சஸ் பாயிண்டையும் முழு பவரில் வைத்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முனகுவது ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேட்காது, அதனால் திரையில் சிக்னல் முழுதாகக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பவரைக் குறையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், பக்கத்து வீடுகளுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. ஒருநாள் திடீரென்று கட்டடத்தில் பாதிப் பேருக்கு நெட் போய்விட்டது, இரண்டு நாள் தேடினோம். ஒரு வீட்டில் தங்கள் பழைய ரவுட்டரை எடுத்து, தெரியாமல் லேன் துளையில் செருகியிருந்தார்கள். நெட்டில் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி (ஐபி) வேண்டும், அதை மெயின் ரவுட்டர்தான் கொடுக்க வேண்டும், இந்தப் பழைய ரவுட்டரும் தன் பங்குக்கு எல்லோருக்கும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள்மேல் தவறில்லை, ஒவ்வொரு வீட்டையும் ஸ்விட்சில் தனித்தனி வி-லேனாக, அதாவது ஒன்றையொன்று பார்க்க முடியாத தனி நெட்வொர்க்காக, பிரிக்காமல் விட்டது எங்கள் தவறு. பிரித்திருந்தால் குழப்பம் அந்த வீட்டோடு நின்றிருக்கும், ஒரு வீட்டு கேமராவை இன்னொரு வீட்டார் பார்க்கவும் வழியிருக்காது.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும் என்றுதான் செய்யப்படுகின்றன, சித்திரை மாதம் மொட்டை மாடி இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்? சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இடியோடு கோடை மழை வரும்போது, இரண்டு பிளாக்குக்கு நடுவே வெளியில் இழுத்த செம்புக் கேபிள் மின்னல் அதிர்ச்சியை உள்ளே கொண்டுவந்துவிடும், அந்த இடத்தில் மின்சாரம் கடத்தாத ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் போடுங்கள். ஸ்விட்சுக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

ஒரு வீட்டுக்கான நெட் பிளானை எடுத்து எல்லோருக்கும் பங்கு போடாதீர்கள், நெட் நிறுவனங்களின் விதிகள் பொதுவாக அதற்கு இடம் கொடுப்பதில்லை, கட்டடத்துக்கான பிளான் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலை முடித்தவருக்குக் கடைசித் தவணையைப் பகலில் கொடுத்துவிடாதீர்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு ஒன்பது மணிக்கு, ஒவ்வொரு வீட்டிலும் கடைசி பெட்ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள், அப்புறம் கொடுங்கள்.