"இலங்கையில் இதுபற்றி ஆய்வு இல்லை" என்று எழுதுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்து நூலக, தகவல் விஞ்ஞானத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்களின் இலக்கிய மீளாய்வில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "இலங்கையில் இதுபற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு." பல வேளைகளில் குறை ஆய்வில் இல்லை, தேடின விதத்தில்தான்.

ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் சர்வதேசத் தரவுத்தளமான ஸ்கோபஸில் மட்டும் தேடிவிட்டு எழும்பிவிடுவது முதல் தவறு. நம் நாட்டுச் சஞ்சிகைகள் பல அதில் இல்லை. பல்கலைக்கழக நூலகர் சங்கத்தின் சஞ்சிகையைப் பார்க்க 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்துக்குப் போகவேண்டும். கூகுள் ஸ்கொலர், ஓப்பன்அலெக்ஸ் என்ற இலவச ஆய்வுத் தரவுத்தளம், பல்கலைக்கழகங்களின் எண்ணிமக் களஞ்சியங்கள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டல் அடுத்த பொறி. ஆங்கிலத்தில் வன்னியை 'வி'யிலும் தொடங்குவார்கள், 'டபிள்யூ'விலும் தொடங்குவார்கள். முல்லைத்தீவின் நடுவே ஒரு 'டி' போடுகிறவர் உண்டு, 'டி'யோடு 'எச்' சேர்க்கிறவரும் உண்டு. எல்லா வடிவங்களையும், 'அல்லது' என்று பொருள்படும் 'ஓஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு இணைத்து, கூடவே நாட்டின் பெயரையும் சேருங்கள். வன்னி இத்தாலியரின் குடும்பப் பெயரும்கூட. நாட்டுப் பெயர் இல்லாவிட்டால் அவர்கள்தான் வந்து குவிவார்கள். மாவட்டப் பெயரோடு நிறுத்தாமல் 'வட மாகாணம்' என்றும் தேடுங்கள்.

நிறுவனப் பெயரிலும் இதே சிக்கல். வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆகஸ்ட் 1இல்தான். அதற்கு முந்திய கட்டுரைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் என்ற முகவரியில் இருக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பீடங்கள் இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கே செய்த ஆய்வைக் கிளிநொச்சி என்ற சொல் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஆளின் பெயரை மாற்றி எழுதுவது இன்னும் மோசம். கந்தையாவின் மகள் மாலதி எழுதிய கட்டுரையை மேற்கோள் மென்பொருள் ஓரிடத்தில் 'கந்தையா, மா.' என்றும் இன்னோரிடத்தில் 'மாலதி, க.' என்றும் பதியும். ஒருவரின் உழைப்பு இருவருக்குப் பிரிந்துபோகும், முதலாவதில் தகப்பனார் ஆய்வாளராகிவிடுவார்! கட்டுரையில் ஆசிரியர் தாமே எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்துக் கைப்படத் திருத்துங்கள். நீங்கள் எழுதுகிறவராயின் ஆய்வாளரைத் தனித்து அடையாளங்காட்டும் 16 இலக்க ஓர்சிட் எண்ணை முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்து, ஒரே பெயர் வடிவத்தோடு நில்லுங்கள்.

தமிழில் வந்த ஆய்வுகளைத் தேடும்போது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியை மறக்கக்கூடாது. அந்த எழுத்துருவில் தட்டச்சிட்ட 'அம்மா', தேடுபொறிக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' தான். யூனிகோடில் தேடினால் அகப்படாது. அத்தகைய இதழ்களின் பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே வழி. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்திலும் தலைப்பு, ஆசிரியர் பட்டியலை மேய்ந்து பாருங்கள். உங்கள் கட்டுரையைப் பதிவேற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கிடைத்ததை மதிப்பிடுவதில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. மேற்கோள் எண்ணிக்கை குறைவு என்று தள்ளிவிடுவது ஒன்று. அந்த எண் தரவுத்தளம் எதைச் சேர்த்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. நம்மவர் எழுதியது என்பதற்காக எதையும் ஏற்பது மற்றது. ஓரிரு நாளில் ஏற்பதாகச் சொல்லிக் காசு கேட்கும் சஞ்சிகையும், சஞ்சிகைக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் 'தாக்கக் காரணி'யை, அதைக் கணிக்கும் கிளாரிவேட் நிறுவனம் தராமலே பெருமையடிக்கும் சஞ்சிகையும் சந்தேகத்துக்குரியவை. சஞ்சிகையை அடையாளங்காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச்சான்று அல்ல. எண் உண்மையா என்று பார்த்தபின், ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பல்கலைக்கழகப் பக்கங்களில் அவர்கள் உண்மையில் அங்கே பணிபுரிகிறார்களா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

வேறொரு பழக்கம்: அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்த கருத்தாய்வை 'மாணவர்களின் தகவல் தேடல்' என்று பொதுவாகக் குறிப்பிட்டு, முல்லைத்தீவில் எடுத்ததை மட்டும் 'உள்ளூர் ஆய்வு' என்று ஒதுக்குவது. நூலகவியலாளர் ரங்கநாதனின் நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகள் 1931இல் சென்னையிலிருந்து வெளிவந்தவை. அவற்றை யாரும் உள்ளூர்ச் சரக்கு என்பதில்லை. இரண்டு ஆய்வுக்கும் இடத்தையும் மாதிரி அளவையும் ஒரேமாதிரிக் குறிப்பிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் ஒன்றும் அகப்படாவிட்டால், "ஆய்வு இல்லை" என்று எழுதாமல், தேடிய தளங்கள், பயன்படுத்திய சொற்கள், தேடிய திகதி மூன்றையும் குறித்து, "இவற்றில் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள்.