கால்வாயில் தொட்டி மீன்: தன்னார்வலர்கள் கண்காணிப்பது எப்படி?

கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வாங்கிவிட்ட மீன், தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததும் பக்கத்துக் குளத்துக்கோ ஓடைக்கோ போய்ச் சேருகிறது. கொல்ல மனம் வராது, கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார், வாளியோடு கிளம்பிவிடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசான் மீனான அரப்பைமா சிக்கியது. வளர்ப்பிடங்களை வெள்ளம் உடைத்தால் அப்படி. ஆனால் ஒரு மீன் ஆற்றுக்குப் போக வெள்ளம் வேண்டியதில்லை, ஒரு வாளி போதும்.

இந்தச் செய்முறை கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் குளம், கால்வாய், ஆறுகளை மனதில் வைத்து எழுதியது. நான்கு பேர், மாதம் ஒரு காலை நேரம் இருந்தால் செய்யலாம். மீன் பிடிப்பது இதில் பாதி வேலைகூட இல்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், ஒரே அளவு உழைப்பில் பார்த்து எழுதுவதுதான் வேலை.

படி 1: எங்கே பார்ப்பது?

ஒரு குழுவுக்கு மூன்று இடம் போதும். ஊருக்கு மேலே ஒன்று, ஊருக்குள் ஒன்று, ஊருக்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் கரையோரமாக 100 மீட்டர் அளந்து, இரு முனையிலும் மரத்திலோ மதகுக் கல்லிலோ பெயின்ட் அடையாளம் வையுங்கள். போனில் இருப்பிடத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: குளத்தின் மறுகால், மடைக்குக் கீழே உள்ள பள்ளம், சந்தைக் கழிவுநீர் கால்வாயில் சேரும் இடம், வண்ணமீன் கடைக்கும் பண்ணைக்கும் பின்னால் ஓடும் ஓடை. கோதையாறும் பறளியாறும் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடும் தாமிரபரணியில் பார்ப்பதாக இருந்தால், உப்பு ஏறும் முகத்துவாரத்தை முதல் வருடம் விட்டுவிடுங்கள். அங்கே மீன் இனங்களே வேறு, புதியவர்கள் குழம்பிப்போவார்கள்.

படி 2: சொல்லிவிட்டு இறங்குங்கள்

கால்வாய்க்கும் பாசனக் குளத்துக்கும் நீர்வளத்துறையிடமும் ஊராட்சியிடமும் சொல்ல வேண்டும். கோயில் தெப்பக்குளம் என்றால் கோயில் நிர்வாகம். மீன்பாசி குத்தகைக்கு விட்ட குளத்தில் குத்தகைக்காரரைக் கேட்காமல் வலை வீசினால் அன்றைக்கே சண்டைதான். சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் குளங்கள் பறவைகளுக்காக 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கும், காட்டுக்குள் வரும் ஆற்றுப் பகுதியிலும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வலையைத் தொடவே கூடாது. கரையிலிருந்து பார்த்து எழுதுவதும் பதிவுதான்.

வலைக்காரர்களிடம் விசாரிப்பதும் இந்தப் படியில்தான். டேங்க் கிளீனர் என்று கடையில் விற்கும் தொட்டி மீன்தான் சக்கர். "அண்ணாச்சி, இங்க சக்கர் மீன் கெடக்கா?" என்று கேட்டால், கேட்டவர் மனம் கோணக்கூடாதென்று "கெடக்கே" என்று சொல்லிவிடுவார்கள். "அண்ணாச்சி, முன்னால இல்லாத மீனு ஏதாவது இப்ப வலையில விழுதா?" என்று கேளுங்கள். பெயரை அவர்கள் வாயிலிருந்து வரவிடுங்கள். அதற்குப் பிறகு படம் காட்டுங்கள்.

படி 3: காலம்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரை வழக்கமாக ஜூனில் முதல் போக நெல்லான கன்னிப்பூவுக்குத் திறந்து, இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அடைத்தபின் மார்ச் முதல் மே வரை கால்வாயில் தண்ணீர் வற்றி, மீனெல்லாம் மடைப் பள்ளத்தில் கூடிவிடும். வருடத்தில் கண்காணிப்புக்குச் சிறந்த காலம் இதுதான். சக்கர் மீன் கரையில் குடைந்த வளைகள் வெளியே தெரிவதும் அப்போதுதான்.

ஆனால் மேயில் பிடித்த எண்ணிக்கையை ஆகஸ்டோடு ஒப்பிட்டு "மீன் குறைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். மீன் குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. மேயை அடுத்த மேயோடு ஒப்பிடுங்கள்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஆறு கலங்கி ஓடும் நாளில் இறங்க வேண்டாம். நாளைத் தள்ளிவைத்து, தள்ளிவைத்த காரணத்தையும் எழுதுங்கள்.

படி 4: சாமான்கள்

வீச்சு வலை ஒன்று, கண் 1 முதல் 1.5 செ.மீ. கொசுவலைத் துணி கட்டிய கைவலை இரண்டு. பறி (மீன் பிடிக்கும் கூடை) மூன்று. அடி வெள்ளையான பிளாஸ்டிக் தட்டு. 50 செ.மீ. அளவுகோல் ஒட்டிய பலகை. மூடியுள்ள வாளி இரண்டு. கனமான துண்டு அல்லது சாக்கு. முழங்கால் வரை வரும் கம்பூட், ரப்பர் கையுறை. பென்சில், அட்டை. பேனா வேண்டாம், நனைந்த தாளில் மை ஊறிவிடும்.

கம்பூட்டைப் பகட்டு என்று நினைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இந்தப் பக்கம் மழைக்காலத்தில் வரும் நோய், தேங்கிய தண்ணீரில் கால் புண் வழியாக ஏறும். காலில் வெட்டோ புண்ணோ இருப்பவர் அன்றைக்கு எழுத்து வேலை பார்க்கட்டும். இறங்கிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

படி 5: பிடிக்கும் முறை

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். முதலில் பத்து நிமிடம் சத்தமில்லாமல் கரையில் நின்று பாருங்கள். கப்பி, மோலி, வாள்வால் மீன்கள் ஓரத்தில் மேல்மட்டத்திலேயே திரியும். வலை விழுந்தபின் பார்க்கமுடியாது.

அடுத்து வீச்சு வலை: 100 மீட்டருக்குள் பத்து வீச்சு, ஒரே ஆள் வீச வேண்டும். வலை முழுதாக விரியாத வீச்சைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி வீசுங்கள். தாமரைக் குளத்திலும் ஆகாயத்தாமரை மண்டிய இடத்திலும் வீச்சு வலை பயனில்லை. அங்கே கைவலையால் செடிக்கு அடியில் கோரி எடுங்கள், இடத்துக்கு இருபது கோரல். எந்த முறையைத் தொடங்கினீர்களோ அந்த இடத்தில் கடைசிவரை அதுவே இருக்கட்டும்.

சக்கர் மீன் இரவில் இரை தேடும், பகலில் வளையிலும் கல்லிடுக்கிலும் கிடக்கும். பகல் வீச்சில் விழாததால் இல்லை என்று ஆகாது. அதற்காகத்தான் பறி. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வைத்து மறுநாள் காலை ஆறுக்கு எடுங்கள். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் பிசைந்து துணியில் முடிந்து உள்ளே கட்டினால் போதும். முக்கியமான எச்சரிக்கை: பறியின் மேல்பகுதி நான்கு விரல் அளவாவது தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். முழுதும் முங்கினால் ஆமையும் தண்ணீர்ப்பாம்பும் உள்ளே மாட்டி, மூச்சுக்கு மேலே வரமுடியாமல் செத்துப்போகும். ராத்திரியில் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

வளைகளையும் எண்ணுங்கள். செங்குத்தான களிமண் கரையில், ஒரு கை தாராளமாக நுழையும் அகலத்தில், பக்கத்தில் பக்கத்தில் கூட்டமாக இருந்தால் சந்தேகப்படலாம். நண்டு வளை சிறியது, வட்டமானது, வாயருகே மண்ணுருண்டை கிடக்கும். சக்கரின் வளை ஒரு மீட்டருக்கு மேலும் உள்ளே போகக்கூடியது, ஆண் மீன் முட்டையைக் காவல் காப்பது அங்கேதான். மண்கரைக் கால்வாயில் இது பெருகினால் கரை பலவீனமாகும். மீனில் அக்கறையில்லாத விவசாயியும் இதைக் கேட்பார். வளைக்குள் கையை விடாதீர்கள், பாம்பும் அதே வளையில் இருக்கும்.

படி 6: இனம் காணுதல்

தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். பார்க்க விசித்திரமாக இருப்பதெல்லாம் வெளிநாட்டு மீன் அல்ல.

சக்கர் அல்லது டேங்க் கிளீனர்: உடல் முழுக்கக் கட்டியான எலும்புத் தகடுகள், வாய் அடிப்பக்கம் வட்டமாக உறிஞ்சி போல. கடையில் விரல் நீளத்தில் விற்பது 40 செ.மீ.க்கு மேல் வளரும். முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்து, முன்னால் இருக்கும் முள்ளை விட்டுவிட்டு, துடுப்பைத் தாங்கும் வளையக்கூடிய மென்கதிர்களை எண்ணுங்கள். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் டெரிகோப்ளிக்திஸ் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு). ஏழு என்றால் ஹைப்போஸ்டோமஸ் என்னும் உறவுக்காரன். வயிற்றுப் படமும் எடுங்கள், அங்குள்ள புள்ளிகளும் நெளிகோடுகளும் நிபுணருக்கு உதவும். இந்த இனங்கள் தமக்குள் கலப்பதால், பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நம் மலையாறுகளில் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் கல்லொட்டி நாட்டு மீன். அதற்கும் வாய் அடியில்தான், ஆனால் உடலில் சாதாரணச் செதில்தான், தகடு கிடையாது. அதைச் சக்கர் என்று கொன்றுவிட்டால் வந்த வேலை தலைகீழாகிவிடும்.

கப்பியும் கம்பூசியாவும்: கொசுப்புழுவைத் தின்னக் கொண்டுவந்து விட்டவை. கம்பூசியா 1928இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இப்போதும் கிணறு, தொட்டிகளில் கொசு ஒழிப்புக்கு இவ்வகை மீனை விடும் வழக்கம் உண்டு. பார்த்தால் எழுதுங்கள், அதற்காக யாரிடமும் வம்புக்குப் போக வேண்டாம். இவற்றோடு குழப்பிக்கொள்வது நாட்டு முண்டக்கண்ணியை. முண்டக்கண்ணியின் உச்சந்தலையில் வெயில் பட்டால் பளிச்சென்று மின்னும் வெள்ளைப் பொட்டு இருக்கும், முதுகுத் துடுப்பு வாலுக்கு நெருக்கமாகப் பின்னால் இருக்கும். கொசுப்புழுவை அதுவும் நன்றாகவே தின்னும்.

பாக்கு மீன்: 'ரெட் பிரானா' என்று கடைகளிலும், 'நட்டர்' என்று கேரளப் பண்ணைகளிலும் விற்பது. தட்டையான உடல், குட்டியில் சிவந்த வயிறு. பல்லைப் பாருங்கள். பிரானாவுக்கு முக்கோணமாக வெட்டும் பல், பாக்குவுக்கு மனிதக் கடைவாய்ப் பல் மாதிரி. பாக்குவைப் பிடித்துவிட்டு "ஆளைத் தின்னும் மீன்" என்று போட்டோ பரப்புவது வழக்கமாகிவிட்டது. உங்கள் குழு அதைச் செய்யாமல் இருக்கட்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி தொட்டி மீன் அல்ல, பண்ணையிலிருந்து தப்பியது, வளர்க்கத் தடை உள்ளது. ஆனால் வலையில் நிச்சயம் விழும். மண்டை எலும்பு பின்பக்கம் கூராக முடியும், நாட்டுத் தேளிக்கு அது உருண்டு முடியும். விரலால் தடவினாலே தெரியும்.

தெரியாத மீனுக்கு ஊகத்தில் பெயர் எழுதாதீர்கள். 'தெரியவில்லை, படம் உண்டு' என்பது முழுமையான பதிவு.

படி 7: படம்

மீனுக்கு மூன்று படம்: தலை இடப்பக்கம் பார்க்கப் பக்கவாட்டில் ஒன்று, முதுகுத் துடுப்பை விரித்து ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று. அளவுகோல் படத்துக்குள் வர வேண்டும். நாட்டு மீனை ஈரக்கையால், தட்டில் தண்ணீரோடு வைத்து எடுத்து உடனே விடுங்கள். சக்கரைத் துண்டால் சுற்றிப் பிடியுங்கள். அதன் துடுப்பு முட்கள் கையுறையையும் கிழிக்கும், வலையையும் கிழிக்கும். வலையில் சிக்கினால் இழுக்காதீர்கள், முள்ளைச் சுற்றியுள்ள நூலை வெட்டி எடுப்பதே லாபம்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு இருக்கும் இருப்பிட விவரம் அழிந்து, படமும் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பிறகு ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்னும் உயிரினப் பதிவு இணையதளங்களில் ஏற்றலாம், மீன் தெரிந்தவர்கள் அங்கே பார்த்துப் பெயரைச் சரிசெய்வார்கள்.

படி 8: பதிவுத் தாள்

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடத்தின் எண், எத்தனை பேர், எந்த வலை, எத்தனை வீச்சு, பறி எத்தனை மணி நேரம், தண்ணீர் தெளிவா கலங்கலா, மீன் இனம், எண்ணிக்கை, நீளம், வளைகளின் எண்ணிக்கை. நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. சிலர் வால் தொடக்கம்வரை அளப்பார்கள். ஒரு குழுவுக்குள் இரண்டு பழக்கமும் கலந்தால் அந்தக் கட்டமே வீண்.

ஒன்றும் கிடைக்காத நாளில் தாளை நிரப்பாமல் வீட்டுக்குப் போவதுதான் எல்லாக் குழுவும் செய்வது. அப்படிப் போகாதீர்கள். பத்து வீச்சு, சக்கர் 0 என்று எழுதுங்கள். இரண்டு வருடம் 0 இருந்த இடத்தில் மூன்றாம் வருடம் 2 வந்தால்தான், மீன் எப்போது வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லமுடியும். 0 எழுதப்படாத இடத்தில் கிடைக்கும் 2 எதையும் சொல்லாது.

படி 9: பிடிபட்டதை என்ன செய்வது?

உறுதியாக அயல் மீன் என்று தெரிந்ததைத் திரும்ப விடக்கூடாது. ஆனால் கொல்வதா வேண்டாமா, எப்படி என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். சக்கரைக் கரையில் எறிந்துவிட்டுப் போவது கொடுமை, பயனுமில்லை. காற்றை விழுங்கி இரைப்பையால் சுவாசிக்கக்கூடிய மீன் அது. மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஈரம் இருந்தால் நெளிந்து தண்ணீருக்கே போய்விடும். பழகிய ஒருவர் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மண்டையில் கட்டையால் ஒரே அடி அடிப்பதுதான் விரைவானது. பிறகு நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

உயிரோடு யாருக்கும் கொடுக்காதீர்கள், "வீட்டுத் தொட்டிக்கு" என்று கேட்கும் குழந்தைக்கும்கூட. 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், அயல் ஊடுருவல் உயிரினங்களை வைத்திருப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

படி 10: அடுத்த இடத்துக்குப் போகுமுன்

வலை, பறி, கம்பூட்டில் ஒட்டிய பாசி, சேறு, முட்டையை அந்தக் கரையிலேயே தட்டிக் கழுவுங்கள். வாளித் தண்ணீரை ஆற்றில் ஊற்றாமல் தரையில் ஊற்றுங்கள். வலையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ஒரே நாளில் மூன்று இடமும் பார்ப்பதாக இருந்தால் இடத்துக்கு ஒரு செட் வலை வேண்டும். ஒரே செட்தான் இருக்கிறதென்றால், மேலே உள்ள இடத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். கீழிருந்து மேலே போனால் மீன் தானாக ஏறமுடியாத இடத்துக்கு நீங்களே அதைக் கொண்டுபோய் விட்டதாகிவிடும்.