எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன் பள்ளியை நேரில் பாருங்கள்

விண்ணப்பம் வாங்கும் முன், வகுப்பு நடக்கும் ஒரு நாளில் அனுமதி பெற்றுப் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். கழிப்பறைக் குழாய் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, கால்சட்டையை நனைத்துவிட்டு அழும் பிள்ளையிடம் ஆயாம்மா எந்தக் குரலில் பேசுகிறார் என்பவை, வரவேற்பறையில் அடுக்கிய பரிசுக் கோப்பைகளைவிட அதிகம் சொல்லும். மூன்றரை வயதுப் பிள்ளையை எழுதச் சொல்லி வற்புறுத்தும் பள்ளியை நான் தயங்காமல் தவிர்ப்பேன். சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் நன்கொடை பெறுவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்வதோடு, தொடக்க வகுப்புகளில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றும் வகுத்திருப்பதால், வகுப்பில் எத்தனை பேர் என்பதை வெளிப்படையாகவே கேளுங்கள். வீட்டருகே உள்ள அரசுத் தொடக்கப்பள்ளியையும் பார்க்காமல் ஒதுக்கிவிடாதீர்கள். 2023 முதல் தமிழ்நாடு முழுவதும் அங்கே காலை உணவும் வழங்கப்படுகிறது, நெடுநேர வேன் பயணமும் பிள்ளைக்கு மிச்சமாகும்.