கிரிப்டிக் குறுக்கெழுத்து: க்ளூவை நம்பினால் மோசம் போவீர்கள்

சொல்விளையாட்டில் விடையை ஒளித்துவைக்கும் ஆங்கிலக் குறுக்கெழுத்துதான் கிரிப்டிக். அதில் ஒரு க்ளூ, அதாவது குறிப்பு: 'ஃப்ளவர் ஆஃப் லண்டன்', ஆறு எழுத்து. டேலியாவா, வயலெட்டா என்று பூப்பூவாக யோசித்தால் பொழுதுதான் போகும். விடை தேம்ஸ். 'ஃப்ளோ' ஆவதும் எழுத்தில் ஃப்ளவர்தானே? ஆறு ஓடுகிறது அல்லவா!

காளமேகத்தின் சிலேடைகளை ரசித்தவர்களுக்கு இந்தக் குறும்பு பழகியதுதான். ஆனாலும் க்ளூ சொல்லும் கதையை அப்படியே நம்புவதுதான் இதில் எல்லாரும் செய்கிற முதல் தவறு. தேம்ஸ் மாதிரி முழுக்கச் சிலேடையாக வருவது குறைவு. பெரும்பாலான க்ளூக்களில் இரண்டு பாகங்கள் உண்டு: விடையின் நேரடிப் பொருள் ஒன்று, அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டிக் காட்டும் வழி இன்னொன்று. நேரடிப் பொருள் க்ளூவின் முதலில் இருக்கும், இல்லாவிட்டால் கடைசியில். அதை நடுவில் தேடுவது வீண் வேலை. காற்புள்ளியும் பெரும்பாலும் கண்ணைக் கட்டத்தான். அது இல்லாததுபோல் படித்துப் பாருங்கள்.

அடுத்த தவறுதான் நம் ஊரில் அதிகம்: தெரியாத பிரிட்டிஷ் சொல்லாக இருக்கும் என்று தோன்றியதுமே பேனாவை மூடிவிடுவது. 'டிராப் த ஃப்ரெஞ்ச் பாரிஷ் ஆஃபீசர்', ஆறு எழுத்து என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்கார அதிகாரி யாரையோ கைவிடச் சொல்வதுபோல் இருக்கிறது. உண்மையில் 'டிராப்' இங்கே வினையே அல்ல. நெற்றியில் அரும்பும் வியர்வைத்துளி, அதாவது பீட். 'த ஃப்ரெஞ்ச்' என்றால் பிரெஞ்சு மொழியில் 'த'வுக்கு உள்ள சொல், 'ல'. எல், இ என்று இரண்டு எழுத்து. இரண்டையும் சேர்த்தால் பீடில். அந்தக் கால இங்கிலாந்தில் திருச்சபை வட்டாரத்தில் சில்லறைக் குற்றங்களைக் கவனித்த கீழ்நிலை அலுவலர் அவர். சொல்லை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க வேண்டாம். கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அகராதியைத் திறந்தால் போதும். நல்ல செட்டர், அதாவது புதிரை அமைப்பவர், அரிய சொல்லுக்கு எளிய வழி வைத்திருப்பார். முதலிலேயே அகராதியைப் புரட்டினால் அந்த ருசி போய்விடும். இங்கிலாந்தில் புதிர்க்காரர்கள் விரும்பி வைத்துக்கொள்வது சேம்பர்ஸ் அகராதி.

உண்மையில் நம்மைக் கவிழ்ப்பது பெரிய சொற்கள் அல்ல, சின்னச் சின்னச் சுருக்கங்கள். கிரிக்கெட்டில் நமக்குக் கவலையில்லை. 'டக்' என்றால் பூஜ்யம், அதனால் ஓ. 'மெய்டன்' என்றால் எம். 'லெக்' என்றால் ஆன். அமெரிக்கர்கள் திணறும் இடத்தில் நாம் சிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் 'ஓல்ட் பென்னி' வந்தால்? விடையில் டி என்ற எழுத்து. ரோமானிய நாணயமான டெனாரியஸின் முதலெழுத்து அது. 1971 பிப்ரவரி 15-ல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறும்வரை பென்னியை அப்படித்தான் குறித்தார்கள். ஷில்லிங்குக்கு எஸ், பேச்சுவழக்கில் பாப். 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி என்று நினைக்காதீர்கள்; காசுள்ளவர்கள் படிக்கும் பழைய தனியார் பள்ளி அது. நான்கு எழுத்து என்றால் பெரும்பாலும் ஈட்டன். 'டெய்லி' என்றதும் செய்தித்தாளை மட்டும் நினைப்பதும் தவறு. தினம் வந்து வீடு சுத்தம் செய்யும் பெண்ணுக்கும் அங்கே அந்தப் பெயர் உண்டு. அவளே சார் (char), தேநீரும் சார்! 'ஈஸ்ட் எண்டர்' தலைகாட்டினால் சொல்லின் முதல் ஹெச்சை உதிர்த்துவிடுங்கள், கிழக்கு லண்டன் பேச்சு அப்படி. இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

எழுத்துகளைக் கலைத்து வேறு சொல்லாக்கும் அனகிராமில் நடப்பது அவசரத் தவறு. 'குடித்த', 'உடைந்த', 'பைத்தியக்கார' என்ற பொருளில் ஒரு சொல்லைக் கண்டதும் பக்கத்திலிருக்கும் எழுத்துகளைக் கலைக்கத் தொடங்கிவிடுகிறோம். முதலில் எண்ணுங்கள். எழுத்துக் கணக்கு இடிக்கிறது என்றால் அது அனகிராமே இல்லை, அல்லது வேறு சில எழுத்துகள் வெளியிலிருந்து சேர வேண்டும்.

எல்லாப் பத்திரிகைப் புதிரையும் ஒரே கண்ணால் பார்ப்பதும் சரியல்ல. 1939 முதல் அப்சர்வரில் ஸிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் போட்ட டி. எஸ். மக்நட், க்ளூவில் இலக்கணம் இம்மியும் பிசகக்கூடாது என்றவர். கார்டியனில் அராகேரியா என்ற பெயரில் எழுதிய பாதிரியார் ஜான் கிரஹாம் அதைவிடத் தாராளமானவர். விளையாட்டு அழகாக இருந்தால் விதியைக் கொஞ்சம் வளைப்பார். செட்டரின் பெயர் போட்டிருந்தால் அதையும் படியுங்கள், அதுவும் ஒரு துப்புதான். டைம்ஸின் தினசரிப் பெரிய கிரிப்டிக்கில் அந்த உதவி கிடையாது. அங்கே செட்டர் பெயர் போடுவதில்லை.

கடைசியாக ஒன்று. பொருள் மட்டும் பொருந்துகிறது, எழுத்துகள் எப்படி வந்தன என்று தெரியவில்லை என்றால் அந்த விடையைப் பென்சிலால் லேசாக எழுதுங்கள். தவறான ஒரு விடை, அதைக் குறுக்கே வெட்டும் நான்கைந்து விடைகளையும் கெடுத்துவிடும். ஒரு மூலை மட்டும் வெகுநேரம் நகரவில்லை என்றால், அங்கே நீங்கள் ரொம்ப உறுதியாக எழுதிய சொல்லை முதலில் அழித்துப் பாருங்கள்.