பழைய டிராக்டருக்கு அட்டாச்மென்ட் செய்யும்போது அளவில் வரும் தவறுகள்

பட்டறையில் செய்த பிராக்கெட்டை வண்டியில் வைத்துப் பார்த்தால் துளை நாலு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதா? டேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவை எங்கிருந்து எடுத்தோம் என்பதில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

மட்கார்டு, பானெட், கால்மிதி இவற்றை ஆதாரமாக வைத்து அளக்காதீர்கள். பல வருடம் உழைத்த வண்டியில் இவை எங்காவது இடிபட்டு வளைந்திருக்கும். தரையையும் நம்ப முடியாது. ஒரு பின்டயரில் காற்று குறைந்தாலே வண்டி சாய்ந்துவிடும். கியர்பாக்ஸிலும் ஆக்சில் ஹவுசிங்கிலும் மெஷினில் சீவிய சமமான முகப்பு இருக்கும். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு, பெயின்ட், காய்ந்த கிரீஸ் எல்லாம் போகத் தேய்த்துவிட்டு, ஒவ்வொரு அளவையும் அங்கிருந்தே எடுங்கள். வலது பக்கம் அளந்தாயிற்று, இடதும் அதுதானே என்று விட்டுவிட வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக அளந்து, மூலைவிட்டத்தையும் சரிபாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது தேய்ந்த துளைதான். டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில், கேட்டகிரி (அளவு வகை) 1 என்றால் கீழ் லிங்க் பின் சுமார் 22 மி.மீ., கேட்டகிரி 2 என்றால் சுமார் 28 மி.மீ. பழைய வண்டியில் துளை இழுவைத் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும். காலிப்பரை ஒரே திசையில் வைத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் அளப்போம். குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். சிறிய அளவே அசலுக்கு நெருக்கம். பின்னை அளப்பதானால் தேயாத முனையில் அளக்க வேண்டும். துளை நீண்டுவிட்டால் அதன் மையமே நகர்ந்திருக்கும் என்பதால், முதலில் புஷ் (துளைக்குள் செருகும் உலோகக் குழல்) போட்டுச் சரிசெய்துவிட்டு அப்புறம் அளப்பதே என் வழி. தேய்மானத்துக்கு ஏற்றபடி புதிய கருவியைச் செய்தால் பழைய ஆட்டம் அப்படியே அதிலும் வந்துவிடும்.

இரண்டு துளைகளின் மைய இடைவெளியைக் கண்மதிப்பில் எடுக்காதீர்கள். துளைகள் ஒரே அளவு என்றால் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்பு வரை அளந்தால் போதும். வெவ்வேறு அளவு என்றால் உள்விளிம்பு தூரத்தையும் வெளிவிளிம்பு தூரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். டேப்பின் கொக்கி வளைந்திருந்தால் 100 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்கிப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

போல்ட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. அரை இன்ச் யு.என்.சி.யில் (இன்ச் அளவு போல்ட் வகை) இன்ச்சுக்கு 13 திரெட். மில்லிமீட்டர் வகையான எம்12 போல்ட்டின் வழக்கமான பிட்ச், அதாவது திரெட்டுக்குத் திரெட் இடைவெளி, 1.75 மி.மீ. பார்க்க ஒன்றுபோல இருக்கும். பிட்ச் கேஜ் வைத்தால் சந்தேகம் தீரும்.

நிற்கும் வண்டியை மட்டும் அளந்தால் பாதி வேலைதான். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், முன் ஆக்சிலை ஒரு பக்கம் உயர்த்துங்கள், லிஃப்டை உச்சிவரை தூக்குங்கள். டயரில் ஒட்டும் சேற்றுக்கும் இடம் வேண்டும். தூக்கிய லிஃப்டுக்குக் கீழே கட்டாயம் முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக் மெல்ல இறங்கினால் அளவும் மாறும், கையும் நசுங்கும். ஆயில் வடிக்கும் பிளக், கிரீஸ் நிப்பிள் மறையாமல், ஸ்பேனர் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தகட்டை வெட்டுமுன் அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வண்டியிலேயே டாக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, பிராக்கெட்டைக் கழற்றிக் கனமான தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு முழு வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங் ஆறும்போது இழுத்துச் சுருங்கும்; இறுக்கிப் பிடிக்காவிட்டால் சரியாக எடுத்த அளவும் கடைசியில் மாறிவிடும்.